மீதி இரண்டு ரூபாய்

காட்பாடியிலிருந்து பாகாயத்துக்கு
ஒன்றாம் நம்பரும் போகும், இரண்டாம் நம்பரும் போகும்.
படிவங்களில் ஒன்று என்றால் ஆண், இரண்டு என்றால் பெண்.
விருதம்பட்டு நிறுத்தத்தில் எனக்கு
எது முதலில் வருகிறதோ அது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை.
வங்காளத்திலிருந்து வந்தவர்களின்
நுரையீரலும் எலும்பும் கல்லீரலும்
என் கண்ணாடிக்குக் கீழே பச்சை வெளிச்சத்தில் நகரும்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
காலிக் கட்டங்களும் நகலில் அப்படியே விழும்.
என் ரிப்போர்ட்டையும் அங்கேதான் பிரதி எடுத்தேன்,
முதலாளி சாப்பிடப் போன நேரத்தில்.

பதினாறு முடிந்தும் நான் உட்காரவில்லை.
பேரணாம்பட்டு அத்தை மாசம் தவறாமல் போன் போட்டாள்.
மஞ்சத்தண்ணிக்கென்று அம்மா
பீடி சுற்றிக் கட்டிய சீட்டு
ஸ்கேனுக்குப் போனது.
ரத்தம் ஒன்று எழுதியிருந்தது,
உடம்பு வேறொன்று எழுதியிருந்தது,
இரண்டிலும் எழுத்துப்பிழை இல்லை என்றார் டாக்டர்.
"பொண்ணா பையனா, ஒண்ணு சொல்லிடுங்கம்மா"
என்றாள் அம்மா,
பேரம் பேசினால் படியும் என்பதுபோல.
டாக்டர் பேனாவை மூடினார்.
"அதைப் புள்ளை சொல்லட்டும். அவசரம் ஒண்ணுமில்லை."
அம்மாவுக்கு அவசரம் இருந்தது.
குடியாத்தம் பஸ் ஐந்தரைக்கு.

திருத்தணிக்கு வேண்டிப் பிறந்ததால் தணிகைச்செல்வி.
செல்வியைக் கழற்றி வைத்தேன்,
வாசலில் செருப்பு விடுவதுபோல, கோபமில்லாமல்.
வேறெதையும் மாட்டிக்கொள்ளவில்லை.
ஆதார் மட்டும் இன்னும் முழுப்பெயரில் கூப்பிடுகிறது.
அறையைப் பகிரும் சுகிர்தா
ஆணென்று வளர்க்கப்பட்டவள்; ஐந்து வயதிலேயே
தன்னைத் தெரிந்துகொண்டவள். சொல்வாள்:
"நான் எறங்குற ஸ்டாப் தெரிஞ்சு ஏறினேன்டா.
நீ ஜன்னல் சீட்டுக்காகவே ஏறின ஆளு."
சில நாள் 'டா', சில நாள் 'டீ'.
இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

பெண்களுக்குக் கட்டணமில்லை.
ஆகவே தினமும் காலை எட்டு பத்துக்கு
கண்டக்டர் ஒரு தீர்ப்பு எழுதவேண்டும்.
ஒருவர் காதுத்துளையைப் பார்ப்பார்,
ஒருவர் மேலுதட்டை, ஒருவர் செருப்பை.
ஒருவர் எதையும் பார்க்காமல் கடந்துபோய்
பின் படிக்கட்டிலிருந்து பார்ப்பார்.
கன்னியப்பன்தான் ஒருநாள் சில்லறையைக் குலுக்கியபடி,
"காசா, சும்மாவா?"
என்னைக் கேட்ட கேள்விகளில்
இதற்குத்தான் பதில் வைத்திருந்தேன்.
சம்பளம் வந்த வாரம் காசு.
இருபத்தைந்துக்கு மேல் சும்மா.

நேற்று காசு.
பாலத்தின் தொடக்கத்தில் செக்கிங் ஏறினார்.
என் டிக்கெட்டைப் பார்த்தார், தோள்வரை முடியைப் பார்த்தார்.
"ஏன்யா, லேடீஸுக்கு எதுக்கு டிக்கெட் போட்ட?"
கன்னியப்பனுக்கு வியர்த்தது.
வேலூரில் அது பெரிய செய்தி இல்லை.
"கேட்டுத்தான் சார் போட்டேன்."
"யாரைக் கேட்டு?"
"அவங்களைத்தான்."

மரியாதைக்குப் பால் கிடையாது தமிழில்.
அதை அப்போதுதான் கவனித்தேன்.

பஸ் முழுக்க என் பக்கம் திரும்பியது.
மடியில் ஃபைல் வைத்திருந்த வங்காளத்து அம்மாள்
மொழி புரியாமல், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து
எனக்கு இடம் நகர்ந்து கொடுத்தாள்.

"பேரென்ன?"
"தணிகை."
"தணிகை...?"
மிச்சத்துக்குக் காத்திருந்தார்.
கீழே பாலாறு, கருவேலமும் மணலுமாக.
தண்ணீர் வராவிட்டாலும் அதை
ஆறு என்றுதான் சொல்கிறோம்.
"அவ்வளவுதான் சார்."

"திருத்தணி வேண்டுதலா?
நாங்களும் அங்கதான். போன கிருத்திகைக்கு
வீட்டோட மொட்டை."
தொப்பியைத் தூக்கி அரை விரல்கடை முடியைத் தடவிக்காட்டினார்.
எனக்கு ஏழு வயது மலைப்படி ஞாபகம் வந்தது:
வெயிலில் காயும் சந்தனத் தலைகள்,
கூட்டத்தில் என்னைத் தேடிய அம்மா
மூன்று தலைகளைத் தொட்டுத் திருப்பிய பிறகு
என்னைக் கண்டுபிடித்தது.

அவர் இறங்கிப்போனார். எதையும் தீர்த்துவைக்கவில்லை.
கன்னியப்பன் என் டிக்கெட்டை வாங்கிப்
பின்பக்கம் 'பாக்கி 2' என்று எழுதினார்.
ஆஸ்பத்திரி நிறுத்தம்.
"சில்லறை இல்ல. நாளைக்கு வாங்கிக்குங்க."

இன்று அவர் வண்டி வரவில்லை.
டிக்கெட் சட்டைப்பையில் இருக்கிறது.